சகமோட்டோ மாயாவின் முதல் ஆல்பம் ‘கிரேப்ஃப்ரூட்’ (1997): பழைய சிடி வாங்குவது, ரிப் செய்வது, டேக் போடுவது

நிலாமுற்றம் கேட்டது:

வணக்கம். ‘எஸ்காஃப்ளோனே’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் தொடக்கப் பாட்டு ‘யாகுசோக்கு வா இரனாய்’ வழியாக ஜப்பானியப் பாடகி சகமோட்டோ மாயாவின் முதல் ஆல்பத்துக்கு வந்திருக்கிறேன். அசல் ஜப்பானிய சிடியையே வாங்கலாம் என்று முடிவு. சில சந்தேகங்கள்:

பழைய சிடி விற்பவர்கள் ‘ஓபி உண்டு’, ‘ஓபி இல்லை’, ‘ரென்டல் ஒச்சி’ என்றெல்லாம் போடுகிறார்கள். விலையும் அதற்கேற்ப மாறுகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

1996இல் வந்த சிங்கிளையும் சேர்த்து வாங்க வேண்டுமா, ஆல்பம் போதுமா?

ரிப் செய்ய (சிடியில் உள்ள பாட்டுகளைக் கணினிக் கோப்பாக எடுக்க) என்னிடம் தட்டு இல்லாத, வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் டிரைவ் உள்ள பழைய மேக் ஒன்றும், யுஎஸ்பியில் செருகும் தட்டு டிரைவ் ஒன்றும் உள்ளன. எது நல்லது?

கடைசியாக, ஜப்பானிய எழுத்தில் டேக் (கோப்புக்குள் எழுதும் பாட்டு, கலைஞர் விவரம்) போட்டால் என் பிளேயரில் எழுத்து உடைந்து வருகிறது. இதே ஆல்பத்துக்கு இணையத்தில் கிடைத்த கியூ கோப்பை (சிடியின் பாட்டு வரிசையைச் சொல்லும் உரைக்கோப்பு) திறந்தால் வளைந்த எஃப் போன்ற குறிகள்தான் வரிசையாக நிற்கின்றன. ஏன்?

---

ஓபித்தாள் பதில்:

வாங்குற விஷயத்தை மட்டும் நான் சொல்றேன். ரிப்புக்கு இங்கே என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க இருக்காங்க.

முதல்ல தேடல். ஆங்கில எழுத்துல தேடினா வெளிநாட்டு விற்பனையாளர்கள்தான் வருவாங்க, விலை ரெண்டு மூணு மடங்கு. விக்கிப்பீடியாவோட ஜப்பானியப் பக்கத்துலேருந்து அவர் பேரையும் ஆல்பம் பேரையும் அப்படியே நகல் எடுத்து ஒட்டித் தேடுங்க. சில கடைகளோட சரக்குப் பட்டியல்ல தலைப்பு அரையகல கத்தகானாவுல (பாதி அகலத்துல வர்ற ஜப்பானிய அசையெழுத்து) இருக்கும். முழு அகல எழுத்துல ஒண்ணும் வரலைன்னா அதையும் போட்டுப் பாருங்க.

வெளிவந்த தேதி 1997 ஏப்ரல் 23, நிறுவனம் விக்டர் என்டர்டெயின்மென்ட். விக்டரோட 12 செ.மீ ஆல்பம் எண் வி.ஐ.சி.எல் எழுத்துகள்ல தொடங்கும், 8 செ.மீ சிங்கிள் வி.ஐ.டி.எல். படத்துல முதுகுப் பக்க எண், ஓபியில உள்ள எண், டிஸ்க் மேல அச்சான எண் மூணும் ஒண்ணா இருக்கணும். முடிஞ்சா டிஸ்க்கோட அடிப்பக்கத்தையும் படம் கேளுங்க: நடுத்துளையைச் சுத்தியிருக்கிற கண்ணாடி வளையத்துலயும் அந்த எண் பொறிச்சிருக்கும்.

ஓபின்னா பெட்டியோட இடது ஓரத்துல மடிச்சுச் செருகியிருக்கிற காகிதப் பட்டை. ஓசைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா அந்தப் பிரதி எப்ப அச்சானதுன்னு சொல்ற தடயம் அதுலதான் அதிகம். ஜப்பான்ல சிடிக்கு நிர்ணய விலை உண்டு. எந்தத் தேதி வரைக்கும் அந்த விலையில இருந்து குறைக்கக் கூடாதுன்னு பட்டையிலயோ பின்னட்டையிலயோ போட்டிருப்பாங்க, பக்கத்துலயே வெளியீட்டுத் தேதியும் இருக்கும்.

விலைக்குப் பக்கத்துல இருக்கிற வரியையும் கவனிங்க. நுகர்வு வரி 1989லேருந்து 3 சதவீதம். 1997 ஏப்ரல் 1இல் 5, 2014 ஏப்ரல்ல 8, 2019 அக்டோபர்ல 10. இந்த ஆல்பம் வந்தது 5 சதவீதம் தொடங்கி மூணே வாரத்துல. 3,000 யென்னுக்குச் சரியா வரட்டும்னு 2,913ன்னு அடிப்படை விலை வச்சிருந்த சிடிகள் எல்லாம் அந்த மாசத்துலேருந்து 3,059 ஆச்சு. அந்தக் காலத்து ஓபிகள்ல அந்த விசித்திர எண்ணை நிறையப் பார்க்கலாம். எந்த ஜப்பானிய சிடியானாலும் விலைக்குப் பின்னால ‘+வரி’ன்னு மட்டும் இருந்தா 2013 அக்டோபருக்கு அப்புறம் அச்சான பட்டைன்னு பெரும்பாலும் நம்பலாம், வரியைத் தனியா காட்டலாம்னு சலுகை வந்தது அப்பதான்.

‘ரென்டல் ஒச்சி’ன்னா வாடகைக் கடையிலேருந்து கழிச்சு விட்டது. ஜப்பானியக் கலைஞர்களோட ஆல்பத்தை வெளியான சில வாரத்துலயே வாடகைக்கு விட அனுமதிப்பாங்க (வெளிநாட்டு ஆல்பத்துக்கு ஒரு வருஷம்), அதனால வாடகைப் பிரதியும் முதல் அச்சா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிரச்சனை வேற இடத்துல. டிஸ்க்கோட மேல்பக்கம், அதாவது பேர் அச்சான பக்கம், கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். பலரும் அடிப்பக்கக் கீறலைப் பார்த்துத்தான் பயப்படுறாங்க. அடியில 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் இருக்கு, கீறல் விழுந்தா மெருகு போட்டுடலாம். அலுமினியப் படலம் இருக்கிறது மேல்பக்கத்துல, அதைக் காக்கிறது மெல்லிய அரக்குப் பூச்சும் அச்சு மையும் மட்டும்தான். ஸ்டிக்கரை உரிச்சா படலமும் சேர்ந்து வரும். அங்கே போன தரவு போனதுதான். அதனால ஸ்டிக்கர் இருந்தா அப்படியே விடுங்க, உரிக்கவே உரிக்காதீங்க. வந்ததும் டிஸ்க்கை விளக்குக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிஞ்சா படலம் போயிருக்குன்னு அர்த்தம்.

விற்பனைக் குறிப்புல ‘யாக்கே’ன்னா தாள் மஞ்சளாயிருக்கு, ‘ஷிமி’ன்னா கறை. ரெண்டும் புக்லெட்டைப் பத்தினது. பெட்டி விரிசலுக்கு விலை பேசாதீங்க, பெட்டியை மாத்திக்கலாம். புக்லெட்டும் பின்னட்டையும்தான் மாத்த முடியாதது.

புது சிடின்னு ஜப்பானுக்கு வெளியிலேருந்து மலிவா வர்றது மேல ஒரு கண் இருக்கட்டும். 1990களோட கடைசியில தைவான்ல அச்சான அனிமே இசைக் கள்ளப் பதிப்புகள் ஏராளம். வளையத்துல விக்டர் எண் இருக்காது, வேற எழுத்துல தொடங்குற எண் இருக்கும். ஓபியே கிடையாது, இல்லைன்னா அதோட படத்தைப் பின்னட்டையிலயே அச்சடிச்சிருப்பாங்க. புக்லெட்டை ஸ்கேன் பண்ணி அச்சடிச்சதால சின்ன ‘கான்ஜி’ (ஜப்பானியச் சித்திர எழுத்து) எல்லாம் கோடு சேர்ந்து கறுப்புத் திட்டா தெரியும். பெரிசாக்கின ஒரு படம் கேட்டாலே போதும்.

ஜப்பானிய ஏலத் தளங்கள்லயும் பழைய பொருள் கடைகள்லயும் பல பேர் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, இடைத்தரகு சேவை வேணும். ஒரு சிடி பெட்டியோட சுமார் 100 கிராம்தான். ஆனா தரகுக் கட்டணமும் தபாலும் ஒண்ணுக்கும் நாலுக்கும் ஏறத்தாழ ஒண்ணு, அதனால தனி சிடியா வரவழைக்கிறது நஷ்டம்.

---

75ஃபிரேம் பதில்:

ரிப்பைப் பற்றி.

முதலில் ஓர் எச்சரிக்கை. 1996 சிங்கிள் 8 செ.மீ டிஸ்க். அதை மேக்கின் இழுவை டிரைவுக்குள் தள்ளவே கூடாது. உருளைகள் 12 செ.மீ விட்டத்துக்கு அமைத்தவை. சிறிய டிஸ்க் உள்ளே போய் மையத்துக்கு வராமல் சிக்கிக்கொள்ளும், டிரைவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதைச் சுற்றிப் போடும் பிளாஸ்டிக் வளையமும் தீர்வல்ல, உள்ளேயே கழன்றுவிடும். தட்டு டிரைவில் நடுவில் சிறிய பள்ளம் இருக்கிறதே, அது 8 செ.மீக்காகவே வைத்தது. ஆல்பத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

ரிப் செய்யும் நிரல் விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக் என்றால் எக்ஸ்எல்டி. இரண்டிலும் செய்ய வேண்டியவை ஏறத்தாழ ஒன்றே:

1. பாதுகாப்பு முறையில் வையுங்கள். டிரைவின் தற்காலிக நினைவகத்தைத் தவிர்க்கும் தெரிவு கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டாம் முறை படிக்கும்போது டிஸ்க்கைப் படிக்காமல் நினைவகத்தில் இருந்ததையே திருப்பித் தரும், பிழை இருந்தாலும் ‘இரண்டும் ஒன்றே’ என்று காட்டிவிடும்.

2. டிரைவின் ஆஃப்செட்டைச் சரியாகப் போடுங்கள். ஒவ்வொரு டிரைவ் மாதிரியும் குறிப்பிட்ட அளவு முன்னாலோ பின்னாலோ தொடங்கிப் படிக்கும். +6, +102, +667 போன்ற எண்கள் அடிக்கடி வருபவை. அக்குரேட்ரிப் (பலர் எடுத்த ரிப்புகளோடு ஒப்பிட உதவும் தரவுத்தளம்) பட்டியலில் உங்கள் மாதிரியின் எண் இருக்கும். காதுக்கு இது தெரியாது: 667 சாம்பிள் என்றாலும் நொடியில் 66இல் ஒரு பங்குதான். ஆனால் எண் தவறினால் மற்றவர்கள் எடுத்த ரிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது.

3. ‘சோதனையும் நகலும்’ தெரிவில் ஒவ்வொரு பாட்டையும் இருமுறை படிக்கவிட்டு, இரண்டு சரிபார்ப்பு எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பதிவேட்டைக் கோப்பாகச் சேமியுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

4. ஃப்ளாக்கில் (ஓசை குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) 5ஆம் நிலையா 8ஆம் நிலையா என்று யோசித்து நேரம் வீணாக்க வேண்டாம். ஓசை இம்மியும் மாறாது, கோப்பு மட்டும் சற்றுச் சிறிதாகும்.

அளவுக் கணக்கு: 44,100 சாம்பிள், 2 பைட், 2 சேனல். நொடிக்கு 1,76,400 பைட், நிமிடத்துக்குச் சுமார் 10.6 மெகாபைட். 50 நிமிட ஆல்பம் என்றால் 530 மெகாபைட்டை ஒட்டி வரும், ஃப்ளாக்கில் பெரும்பாலும் 300க்கும் 380க்கும் இடையில் அடங்கும்.

முன்அழுத்தம், அதாவது ப்ரீ-எம்ஃபசிஸ், பற்றி யாராவது பயமுறுத்தினால்: அது 1980களின் முற்பகுதி ஜப்பானிய சிடிகளின் தலைவலி. 1997 டிஸ்க்கில் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

துடைப்பது: மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும். சிடியின் பிழைதிருத்தம் குறுக்குக் கீறலை எளிதில் தாங்கும், தடத்தின் நீளத்துக்கு ஓடும் கீறலைத் தாங்காது.

ஒலி அளவு சமன்செய்யும் ரிப்ளேகெயினை ஆல்பம் முறையில் மட்டும் கணக்கிடுங்கள். பாட்டு முறையில் போட்டால், மெல்லிய பாட்டை உயர்த்தி ஓங்கிய பாட்டைத் தாழ்த்தி, தொகுத்தவர்கள் வைத்த ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும். 1997 ஆல்பங்கள் பின்னால் வந்த பலவற்றைப் போல உச்சவரை அழுத்தப்பட்டவை அல்ல. அந்த இடைவெளிதான் அவற்றின் சொத்து.

---

வடலி பதில்:

எழுத்து உடையிற விஷயத்தில் இரண்டு வெவ்வேறு நோய் இருக்குது. இரண்டையும் ஒன்றெண்டு நினைச்சால் மருந்து மாறிப்போகும்.

முதலாவது கியூ கோப்பு. அது ஷிஃப்ட்-ஜிஸ் எண்ட ஜப்பானியக் குறியாக்கத்தில் சேமிச்சது, உங்கட நிரல் அதை மேற்கைரோப்பியக் குறியாக்கமாக நினைச்சுத் திறக்குது. இந்த ஆல்பத்தின்ர பேரையே எடுத்துப் பாருங்கோ. ஜப்பானிய எழுத்தில் எட்டு எழுத்து: ஆறு கத்தகானா, இரண்டு நெடில் கோடு. ஷிஃப்ட்-ஜிஸில் அந்த ஆறுக்கும் முதல் பைட் பதினாறடிமானத்தில் 83. மேற்கைரோப்பியக் குறியாக்கத்தில் 83 எண்டால் அந்த வளைந்த எஃப் குறி. ஆகவே ஆறு தரம் அது வரும். நெடில் கோட்டின்ர பைட்டுகள் 81, 5பி. முன்னதுக்கு அங்கே எழுத்தே இல்லை, பின்னது சதுர அடைப்புக்குறி. நீங்கள் பார்த்த வரிசையில் இரண்டு இடத்தில் சதுர அடைப்புக்குறி இருந்தால் அது ‘கிரேப்ஃப்ரூட்’ எண்ட தலைப்பேதான்.

திருத்துறதுக்கு: குறியாக்கத்தைத் தெரிவு செய்து திறக்கக்கூடிய உரைத்தொகுப்பியில் ஷிஃப்ட்-ஜிஸ், அல்லது விண்டோஸ் 932, எண்டு சொல்லித் திறவுங்கோ. எழுத்து சரியாகத் தெரிஞ்ச பிறகு மட்டும் யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கோ. உடைஞ்ச நிலையில் சேமிச்சால் எழுத்தே இல்லாத அந்த 81 போன்ற பைட்டுகள் கேள்விக்குறியாக மாறிப்போகும், பிறகு மீட்க ஏலாது. அடுத்து, கியூ கோப்புக்குள்ள ஒலிக்கோப்பின்ர பேர் இருக்கும். அது உங்கட கோப்பின்ர பேரோட எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேணும்.

இரண்டாவது நோய் பிளேயரில் வாறது. எழுத்து முற்றாக உடையாமல், எழுத்துக்குப் பக்கத்தில் இரட்டைக் கீற்றோ சின்ன வட்டமோ தனியாக விலகி நிண்டால், அது யுனிகோடின்ர பிரிந்த வடிவம். இந்தத் தலைப்பில் ‘கு’ எண்டு தொடங்கிற முதல் எழுத்துக்குக் கீற்று உண்டு, நாலாவது எழுத்து ‘பு’வுக்கு வட்டம் உண்டு. இரண்டும் சேர்ந்த வடிவில் எட்டுக் குறியீடு, பிரிந்த வடிவில் பத்து. மேக்கின்ர பழைய கோப்பு முறைமை பேர்களைப் பிரிந்த வடிவில்தான் வைக்கும். அங்கேயிருந்து சின்னப் பிளேயருக்கு நகல் எடுத்தால், சேர்த்துக் காட்டத் தெரியாத பிளேயர் பிரிச்சே காட்டும். தமிழிலும் இதே கதைதான், ‘கொ’வின்ர ஒகரக் குறி ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாய்ப் பிரியும். கோப்புப் பேர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற கன்வ்எம்வி எண்ட நிரலில் என்எஃப்சி எண்ட தெரிவு இருக்குது. முதலில் சோதனை ஓட்டம் விட்டு, மாறப்போற பேர்களைப் பார்த்திட்டு உண்மையாக ஓட்டுங்கோ.

டேக்குகளுக்கு மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளமும் அதன்ர பிகார்ட் நிரலும் போதும். பழைய சிடித் தகவல் தளமான ஃப்ரீடிபி 2020இல் மூடப்பட்டது. அதன்ர பழைய பதிவுகளை வைத்திருக்கிற மாற்றுத் தளங்களில் மேலே சொன்ன குறியாக்கப் பிழையும் சேர்ந்தே வரும். கலைஞர் பேரை ஜப்பானிய எழுத்தில் வைத்து, வரிசைப் பேர் எண்ட தனிப் புலத்தில் ‘சகமோட்டோ, மாயா’ எண்டு உங்களுக்கு வசதியான எழுத்தில் போடுங்கோ. அப்படிச் செய்தால் அசல் எழுத்தும் இருக்கும், பட்டியலில் தேடவும் சுகம்.

ஒலிபெயர்ப்பை மட்டும் வைத்து அசலைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே பாட்டுக்கு நாலு பேர் நாலு விதமாக எழுதுவினம், பிறகு எந்தத் தரவுத்தளத்தோடயும் பொருந்தாது.

---

கானல்வரி பதில்:

வாங்குவதும் எடுப்பதும் மேலே வந்துவிட்டன. உள்ளே இருப்பதைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் டேக்கில் என்ன எழுதுவது என்பதும் அதைப் பொறுத்தது.

மாயா 1980 மார்ச்சில் டோக்கியோவில் பிறந்தவர், குழந்தையாக இருந்தபோதே குரல் நடிப்புக்கு வந்தவர். ‘எஸ்காஃப்ளோனே’ சன்ரைஸ் தயாரிப்பு, டிவி டோக்கியோவில் 1996 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 பகுதிகளாக ஓடியது. நாயகி கன்சாகி ஹிதோமிக்குக் குரல் கொடுத்தவரும் தொடக்கப் பாட்டைப் பாடியவரும் மாயாதான். சிங்கிள் 1996 ஏப்ரல் 24. அதற்கு ஒரு வருடம் நிறைய ஒரு நாள் இருக்கும்போது ஆல்பம் வந்தது. அதாவது சிங்கிளில் பதினாறு வயது, ஆல்பத்தில் பதினேழு.

தொடரின் பின்னணி இசை யோகோ கன்னோவும் ஹஜிமே மிசோகுச்சியும் சேர்ந்து செய்தது. ஆல்பத்தைத் தயாரித்தவர் கன்னோ. தொடக்கப் பாட்டின் வரிகள் யூஹோ இவாசதோ, மெட்டும் இசைக்கோவையும் கன்னோ.

இங்கே ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்: இது பாத்திரப் பாடல் ஆல்பம் அல்ல. பாத்திரப் பாடலில் பாடகர் இடத்தில் பாத்திரத்தின் பெயர் வரும், குரல் கொடுத்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும். பாடுவதும் பாத்திரத்தின் குரலில்தான். ‘கிரேப்ஃப்ரூட்’ அவருடைய சொந்தப் பெயரில், சொந்தக் குரலில் வந்தது. இரண்டையும் ஒரே கலைஞர் பெயருக்குக் கீழே கொட்டிவிட்டால், பின்னால் அவருடைய பாத்திரப் பாடல்களும் தனி ஆல்பங்களும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும்.

புக்லெட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று வரவுகள் (யார் எதைச் செய்தார் என்ற குறிப்புகள்) இருக்கும்: ‘சாகுஷி’ என்றால் பாடல் வரி, ‘சாக்கியோக்கு’ என்றால் மெட்டு, ‘ஹென்கியோக்கு’ என்றால் இசைக்கோவை. தமிழில் இசையமைப்பாளர் என்று ஒரே சொல்லில் அடக்கிப் பழகியவர்கள் மூன்றாவதை விட்டுவிடுவார்கள். கன்னோவைப் பொறுத்தவரை அதை விட்டால் பாதி ஆள் போய்விடுவார். தொடக்கப் பாட்டையே கேளுங்கள். குரலை மெல்ல, ஏறக்குறையத் தனியாக விட்டுவிட்டு, வாத்தியங்களைப் பின்னால் படிப்படியாக எழுப்புகிறார். பதினாறு வயதுக் குரலில் பெரிய அதிர்வோ அலங்காரமோ கிடையாது, நேராக நிற்கிற ஸ்வரம்தான். அந்த நேர்மைக்கு இடம் ஒதுக்கித்தான் கோவை எழுதப்பட்டிருக்கிறது. பிளேயரில் ஈக்வலைசர் போட்டு நடு அலைவரிசைகளைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது இதுதான்.

கன்னோ வேறு ஆல்பங்களில் கேப்ரியேலா ராபின் என்ற புனைபெயரிலும் வரி எழுதியிருக்கிறார். புக்லெட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே டேக்கில் வையுங்கள். ‘அது அவர்தானே’ என்று திருத்தத் தொடங்கினால் வரவுக்கும் கோப்புக்கும் தொடர்பு அறுந்துவிடும்.

ஆல்பத்தைத் தொடங்குவது ‘ஃபீல் மைசெல்ஃப்’. சிங்கிளின் மறுபக்கமான ‘பொக்கெத்தோ வோ காரா நி ஷிதே’யும் இதில் உண்டு. கச்சேரி முடிவில் அவர் பாடி ரசிகர்களும் சேர்ந்து பாடும் பாட்டாக அது பின்னால் ஆனது. இரண்டு பாட்டுமே ஆல்பத்தில் கிடைப்பதால், பாட்டுக்காக மட்டும் சிங்கிள் வாங்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் கேட்டது ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டிய வடிவம், முழுப் பாட்டு ஆல்பத்தில் இருக்கிறது.

அடுத்து எங்கே போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: 1998 டிசம்பரில் ‘டைவ்’, 2001இல் ‘லூசி’, 2003இல் ‘ஷோனென் அலிஸ்’ என்று கன்னோவோடு தொடர்ந்தார். 2005இன் ‘யூனாகி லூப்’தான் கன்னோ இல்லாத முதல் ஆல்பம். நேராகத் தொகுப்பு ஆல்பத்துக்குப் போக வேண்டாம். ‘கிரேப்ஃப்ரூட்’ முடித்த கையோடு ‘டைவ்’ கேட்டால் இருபது மாதத்தில் ஒரு குரல் எவ்வளவு ஆழம் போகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

---

ஓபித்தாள் பதில்:

கானல்வரி சொன்னதுல சிங்கிள் விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. பாட்டுக்காக வேண்டாம், சரி. ஆனா அந்தக் கால 8 செ.மீ சிங்கிள்கள்ல குரல் நீக்கின வடிவமும் சேர்ந்து வர்றது வழக்கம், ஆல்பத்துல அது இருக்காது. கன்னோவோட இசைக்கோவையைத் தனியா கேட்கணும்னா அதைவிட நல்ல வழி கிடையாது. விற்பவர்கிட்ட பின்பக்கப் பட்டியலைப் படம் கேட்டு, அதுல குரல் நீக்கின வடிவம் இருக்குன்னு பார்த்துட்டு வாங்குங்க.

8 செ.மீ உறை நீளமான அட்டை, உள்ளே பிளாஸ்டிக் தட்டு. அதைப் பாதியா மடிக்கிற மாதிரி கோடு போட்டிருக்கும். மடிக்காம இருக்கிறதுக்கு விலை அதிகம். தபால்ல அனுப்பும்போது உறையோட நீளத்துக்குக் கனமான அட்டை ரெண்டு பக்கமும் வைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா வர்ற வழியில மடிஞ்சுடும்.

---

நிலாமுற்றம் கேட்டது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆல்பம் வந்துவிட்டது, வாடகைப் பிரதி, ஸ்டிக்கரைத் தொடவில்லை. தட்டு டிரைவில் எடுத்தேன். அக்குரேட்ரிப்பில் ஒரு பாட்டைத் தவிர எல்லாம் பொருந்துகின்றன. பொருந்தாத பாட்டிலும் இருமுறை படித்த எண் ஒன்றாகவே இருக்கிறது. காதுக்குக் குறை தெரியவில்லை. விட்டுவிடலாமா?

---

75ஃபிரேம் பதில்:

விட வேண்டாம், இது சரிசெய்யக்கூடியது.

எல்லாப் பாட்டும் பொருந்தாமல் போயிருந்தால் வேறு அச்சு என்றோ ஆஃப்செட் தவறு என்றோ சொல்லலாம். ஒன்று மட்டும் பொருந்தாவிட்டால் டிஸ்க்கில் அந்த இடத்தில் சேதம். இருமுறையும் ஒரே எண் வந்ததற்குக் காரணம், டிரைவ் படிக்க முடியாத இடத்தை ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக ஊகித்து நிரப்புவது. அதனால் இரு எண்களின் ஒற்றுமை மட்டும் போதாது.

இந்த வரிசையில் செய்து பாருங்கள். டிஸ்க்கைத் துடைத்து, வேகத்தை 4 மடங்குக்குக் குறைத்து அந்தப் பாட்டை மட்டும் மீண்டும் எடுங்கள். பொருந்தாவிட்டால் வேறு நிறுவனத்தின் டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கி, அதன் ஆஃப்செட்டைப் போட்டு எடுங்கள். லேசர் குவியமும் பிழைதிருத்தமும் டிரைவுக்கு டிரைவ் மாறும், ஒன்று தோற்ற இடத்தில் இன்னொன்று எளிதாகப் படிப்பதுண்டு.

அதற்கும் மசியாவிட்டால் கியூடூல்ஸ் என்ற நிரல். அதன் தரவுத்தளத்தில் மற்றவர்கள் எடுத்த ரிப்புகளின் சரிபார்ப்பு எண்ணோடு மீட்புத் தரவும் சிறிதளவு சேமித்திருக்கும். சேதம் சில நூறு சாம்பிள்களுக்குள் என்றால் அதை வைத்து உங்கள் கோப்பைத் திருத்தித் தரும். இதற்கு ஒரு பாட்டை மட்டும் கொடுத்தால் வேலை செய்யாது. முழு ஆல்பத்தின் கோப்புகளும் கியூ கோப்பும் ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும், பாட்டுகளுக்கு இடையிலான வெற்று இடைவெளிகளும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். இணையத்தில் எடுத்த அந்தக் கியூவை விட்டுவிட்டு உங்கள் டிஸ்க்கிலிருந்தே புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

திருத்திய பின் மீண்டும் அக்குரேட்ரிப்பில் சரிபார்த்து, பழைய பதிவேட்டை அழிக்காமல் புதியதை அதன் பக்கத்திலேயே வையுங்கள். டேக் வேலையை அதற்குப் பிறகு தொடங்கினால் போதும்.